மிக்கோவை அனுப்பிவிட்டார்கள், சொல்லாமல் கொள்ளாமல்

சரவணம்பட்டி 96
25 ஜனவரி 2025, காலை 10.20

இன்று காலை அம்மா சந்தகை பிழிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் இரண்டு முறை அதிர்ந்தது. டென்வரில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒரே வரி அனுப்பியிருந்தார்: "மிக்கோ போய்விட்டான்." அடிபட்டுவிட்டதோ என்றுதான் முதலில் பதறினேன். திறந்து பார்த்தால் அணி மாற்றம். மிக்கோ ரன்டானனை டென்வரின் பனி ஹாக்கி அணியான கொலராடோ அவலாஞ்ச், கரோலினா ஹரிக்கேன்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு மார்ட்டின் நேச்சாஸ், ஜாக் ட்ரூரி, அப்புறம் வரப்போகும் ஆண்டுகளின் இளைஞர் தேர்வில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், இரண்டு வாய்ப்புகள். இடையில் சிகாகோ அணியும் புகுந்து மிக்கோவின் சம்பளத்தில் பாதியை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கே பனி ஹாக்கி பார்ப்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்போம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வேலைக்காக மூன்று வருடம் டென்வரில் இருந்தேன். முதல் குளிர்காலத்தில் ஊர் நினைப்பு தாங்காமல் அறைக்குள்ளேயே கிடந்தேன். அலுவலகத்தில் ஒருவர் வலுக்கட்டாயமாக ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். விதி ஒன்றும் புரியவில்லை. கறுப்பு ரப்பர் வில்லை எங்கே போகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆனால் 96ஆம் எண் சட்டை மட்டும் தெரிந்தது. ஆறடி நாலு அங்குல ஆள். மைதானத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோரம் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, இரண்டு பேர் இடித்துத் தள்ளியும் வில்லையை விடவில்லை. மட்டையின் நுனியில் அதை ஒரு முறை அந்தப் பக்கம், ஒரு முறை இந்தப் பக்கம் உருட்டிவிட்டு, பார்க்காமலேயே நடுவில் தள்ளினான். அங்கே அதே அணியின் மெக்கின்னன் இருந்தார். கோல். சுற்றி எல்லாரும் மெக்கின்னன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் 96ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவன் என் ஆள்.

பின்லாந்தில் நௌசியைனன் என்ற சின்ன ஊர்க்காரன். 2015 இளைஞர் தேர்வில் பத்தாவதாக எடுத்தார்கள். 619 ஆட்டம், 287 கோல், கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து 681 புள்ளி. 2022ல் கொலராடோ லீக் கோப்பை வென்றபோது அந்த நாக்-அவுட் சுற்றில் மட்டும் 20 ஆட்டத்தில் 25 புள்ளி. ஜூன் 30 ஊர்வலத்தன்று வெயிலில் நாலு மணி நேரம் தெருவோரம் நின்றேன். இந்த வருடமும் 49 ஆட்டத்தில் 64 புள்ளி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அனுப்புகிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் இங்கே காலை ஏழரை. குளித்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புவதற்குள் ஆட்டத்தின் மூன்று பகுதியில் இரண்டையாவது பார்த்துவிடுவேன்.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். பத்து வருடம் இருந்தவனுக்கு நேற்று இரவுதான் தெரிந்திருக்கிறது. எதிர்பார்க்கவே இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறான்.

காங்கேயத்தான்
25 ஜனவரி 2025, காலை 11.05

தம்பி, எனக்கு அந்த ஆட்டம் தெரியாதுங்க. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்புச்சி நினைப்பு வந்துவிட்டது. கண்ணபுரம் சந்தைக்கு ஒரு மயிலைக்காளையைக் கொண்டுபோய் விற்றார். எனக்கு அப்போது பத்து வயது. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, தரகரும் வாங்க வந்தவரும் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல் எவ்வளவு என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பேச்சு முடிந்து துண்டை எடுத்தால், நம்முடைய காளை நம்முடையது இல்லை. கயிற்றை மட்டும் அப்புச்சி அவிழ்த்து எடுத்துக்கொண்டார். புதுக் கயிறு போட்டுத்தான் ஓட்டிப் போனார்கள். பஸ்ஸில் வரும்போது அந்தக் கயிற்றை மடியில் வைத்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று கேட்கிறேன். அவரைக் கேட்காமல் எப்படிங்க கொடுக்க முடியும்? அவர் மனிதர்தானே?

கோபியிலிருந்து ஸ்கார்பரோ
25 ஜனவரி 2025, இரவு 7.40

அண்ணா, முடியும். அவர்கள் ஆடும் என்ஹெச்எல் லீக்கில் ஒப்பந்தத்தை அப்படியே இன்னொரு அணிக்கு மாற்றலாம். பெரிய வீரர்கள் சிலர் "என் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார்கள். அது இல்லாதவர்களை யாரும் கேட்க வேண்டியதில்லை.

இங்கே கனடாவில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வந்தால் 1988க்குப் போய்விடும். ஆகஸ்ட் 9. வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தது. அந்த மே மாதம்தான் ஐந்து வருடத்தில் நாலாவது கோப்பையை வென்று கொடுத்திருந்தார். பதிலுக்கு வந்ததில் 15 மில்லியன் டாலர் பணமும் உண்டு. செய்தியாளர்கள் முன்னால் பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அரசாங்கம் இதைத் தடுக்க வேண்டும் என்று ஓர் எம்பி கேட்கும் அளவுக்குப் போனது. எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருக்கிறார். அந்தத் தேதியைச் சொன்னால் இன்றைக்கும் முகம் மாறிவிடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்து இந்த வருடம் 88 மில்லியன் டாலருக்கு மேல் சம்பளம் தரக் கூடாது. மெக்கின்னனுக்கு மட்டும் 12.6. மிக்கோவின் ஒப்பந்தம் வரும் கோடையில் முடிகிறது. எட்மன்டன் அணியின் லியோன் டிரைசைட்டில் போன செப்டம்பரில் வருடத்துக்கு 14 என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மிக்கோவும் அதைப் பார்த்துத்தானே கேட்பார்? ஜூலையில் அவர் கிளம்பினால் கொலராடோவுக்கு ஒரு பைசா பதில் கிடைக்காது.

மஞ்சள் சட்டை, ஈரோடு
25 ஜனவரி 2025, இரவு 9.15

சரவணம்பட்டி அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அணிதான் பெரிது. ஆள் வருவார், போவார். சட்டையில் முன்பக்கம் இருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும், முதுகில் இருக்கும் பெயரை இல்லை. நான் சென்னை அணிக்கு 2008லிருந்து ரசிகன். எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள்! நேச்சாஸ் என்பவர் நன்றாக ஆடினால் மூன்று மாதத்தில் மறந்துவிடுவீர்கள்.

சரவணம்பட்டி 96
25 ஜனவரி 2025, இரவு 10.30

தம்பி, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அணிக்குத்தான் ரசிகன் என்று. இன்று மத்தியானம் உட்கார்ந்து யோசித்தால், அந்த அணியை எனக்குக் காட்டிக்கொடுத்தவனே அவன்தான். டென்வரில் எனக்கென்று இருந்தது ஓர் அலுவலகம், ஒரு வாடகை அறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவன் ஆட்டம். அதில் ஒன்றை உருவிவிட்டு மிச்சம் இருக்கிறதே என்றால் நான் என்ன சொல்வது?

ஸ்கார்பரோ அண்ணா, கணக்குப் புரிகிறது. கணக்கில் தப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. நீ எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அதனால் வேறு இடம் பார்க்கிறோம் என்று முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்வதற்குக்கூட இரண்டு மாதம் தருகிறோம்.

திருப்பூர் செக்கிங்
26 ஜனவரி 2025, காலை 8.50

நான் முதலாளி பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன ஜாப் ஒர்க் யூனிட், 22 பேர். ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். அவர் துணியை விரித்து அடுக்குப் போட்டால் வேஸ்ட் என்று ஒரு கைப்பிடிதான் விழும். பக்கத்துக் கம்பெனி அதிகச் சம்பளம் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தீபாவளி போனஸ் வாங்கின மறுவாரம் வரவில்லை. ஷிப்மென்ட் தேதி கழுத்தில் நிற்கிறது, மேஜையில் ஆள் இல்லை. அந்தப் பதினைந்து நாளை நான் மறக்கவே மாட்டேன். அந்த அணி மேலாளருக்கும் அந்தப் பயம்தான் இருந்திருக்கும். சும்மா போவதற்குள் கையில் எதையாவது வாங்கிக்கொள்வோம் என்று.

ஆனால் ஒன்று, நானும் என் மாஸ்டரும் ஒரு நாள் டீக்கடையில் நின்று வெளிப்படையாகப் பேசியிருந்தால் அவர் இன்னும் என்னிடம் இருந்திருப்பார் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரிங்க.

பெருந்துறைக்காரி
26 ஜனவரி 2025, மதியம் 12.10

பள்ளியில் ஆறு வருடம் தரை ஹாக்கி ஆடியவள் நான். செம்மண் தரை, குதிகால் முழுக்கக் கொப்புளம். எங்கள் அணியில் வலது ஓரம் ஆடிய பெண்ணை ஒரு போட்டிக்கு முந்தின நாள் வேறு அணிக்கு மாற்றினார்கள். பட்டியலைப் பலகையில் ஒட்டியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அழவில்லை. மட்டையில் சுற்றியிருந்த டேப்பை முழுக்கப் பிரித்து, திரும்ப முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ரசிகர்கள் நமக்கு ஒரு ஆள் போகிறார். அவருக்கு வீடு, பழகின அறை, இடப்பக்கம் நிற்பவனின் மூச்சு வரைக்கும் எல்லாம் ஒரே இரவில் போகிறது. மிக்கோவும் மெக்கின்னனும் பார்க்காமலே பந்து கொடுத்துக்கொள்வார்கள் என்று எழுதினீர்களே, அதை இன்னொருவரோடு கட்ட எத்தனை மாதம் ஆகும் தெரியுமா? கரோலினாவில் உடனே ஆடவில்லை என்று யாரும் திட்டாமல் இருந்தால் சரி.

நொய்யல்கரை
26 ஜனவரி 2025, மாலை 4.00

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் ஹைதராபாத்தில் இருந்தார். போன நவம்பர் ஐபிஎல் ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. அதற்கு முன்னால் 4 கோடி. சேலத்துக்காரர்கள் யாரும் ஹைதராபாத்தை விட்டுவிட்டாரே என்று வருத்தப்படவில்லை, நம்ம பையனுக்கு நல்லது நடந்தது என்றுதான் சந்தோஷப்பட்டோம். மிக்கோவுக்கும் நல்லது நடக்கலாம்.

சரவணம்பட்டி 96
8 மார்ச் 2025, காலை 7.15

பெருந்துறை அக்கா சொன்னது அப்படியே நடந்தது. கரோலினாவில் 13 ஆட்டம், 2 கோல், 4 உதவி. ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்தேன். சிவப்புச் சட்டையில் 96. பழைய இடத்தில் நின்று வில்லையைக் கேட்டு மட்டையால் பனித்தரையைத் தட்டுவான். அது வராது. அங்கே நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் அவன் முன்வரவில்லை. இரவு ஒன்றரைக்கு இந்த வருடத்து அணி மாற்றத்துக்கான கெடு முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் டல்லாஸ் ஸ்டார்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டாவது முறை.

டல்லாஸில் எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன் டாலர். நம் பணத்தில் நூறு கோடிக்கு மேல். எல்லாரும் அந்தத் தொகையைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. மெக்கின்னனுக்கு 12.6. மிக்கோ அதைவிடக் குறைவாகத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்! 14 கேட்பான், கட்டுப்படியாகாது என்ற பேச்சுக்கு என்ன பதில்?

கோபியிலிருந்து ஸ்கார்பரோ
8 மார்ச் 2025, இரவு 8.20

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அங்கே 12 என்பது கொலராடோவில் 12 என்பதைவிடக் கையில் கூடுதலாக நிற்கும். அடுத்த வருடம் சம்பள உச்சவரம்பும் 95.5 மில்லியனுக்கு ஏறப்போகிறது என்று ஜனவரி கடைசியில் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் தம்பி, நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் பொறுமையாகப் பேசியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம் என்றே எனக்கும் படுகிறது.

அதே நாளில் பாஸ்டன் அணி தன் கேப்டன் பிராட் மார்ஷாண்டை புளோரிடாவுக்குக் கொடுத்துவிட்டது. 2009லிருந்து அங்கேயே இருந்தவர். இங்கே என் அலுவலகத்தில் ஒரு பாஸ்டன் ரசிகை. இன்று மதியம் சாப்பிடவே இல்லை.

சரவணம்பட்டி 96
4 மே 2025, காலை 9.30

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிடுகிறேன்.

டல்லாஸும் கொலராடோவும் முதல் சுற்றிலேயே மோதுகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஆளுக்கு மூன்று வெற்றி. இன்று விடியக்காலை ஏழாவது ஆட்டம். தோற்றவர் வீட்டுக்கு. முழங்கால் பழுதால் மூன்று வருடம் ஆடாமல் இருந்த கொலராடோ கேப்டன் லாண்டஸ்காக், கோப்பை வென்ற நாளிலிருந்து எண்ணினால் 1,032 நாள் கழித்து, இந்தத் தொடரில்தான் திரும்பி வந்தார். மிக்கோவும் மெக்கின்னனும் அவரும் ஒரு காலத்தில் ஒரே வரிசையில் சேர்ந்து ஆடியவர்கள். இப்போது ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம்.

எந்தச் சட்டை போடுவதென்று தெரியாமல் வெறும் பனியனோடு உட்கார்ந்தேன். இரண்டாவது பகுதியில் கொலராடோ ஒரு கோல். மூன்றாவது பகுதி தொடங்கியதும் மெக்கின்னன் இன்னொன்று. 2-0. எழுந்து கத்தினேன், சத்தியமாகச் சந்தோஷத்தில்தான். அப்புறம் திரையில் மிக்கோ முகத்தைக் காட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலை வாயில் வைத்தபடி பனித்தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழிந்தது. வலப்பக்கத்திலிருந்து உள்ளே வந்தான், யாரும் நெருங்குவதற்குள் அடித்தான். 2-1. கொஞ்ச நேரத்தில் கொலராடோ ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே போக, வலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து உள்ளே திணித்தான். வில்லை ஒரு கொலராடோ ஆளின் சறுக்குக் காலணிக் கத்தியில் பட்டு உள்ளே போனது. 2-2. நாலு நிமிடம் பாக்கி இருக்கும்போது டல்லாஸின் வயட் ஜான்ஸ்டன் 3-2. கடைசியில் கொலராடோ கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு, அடிக்க ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கி முட்டி மோதியது. காலி வலைக்குள் மிக்கோ இன்னொன்று. ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் ஒருவரே மூன்று கோல் அடித்தது அந்த லீக்கின் சரித்திரத்தில் இதுதான் முதல்முறை.

கடைசிக் கோலுக்கு அவன் பெரிதாகக் குதிக்கவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கை கொடுக்கும் வழக்கம் உண்டு. பழைய கூட்டாளிகள் முன்னால் ஒவ்வொருவராக அவன் நின்றபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. அம்மா வந்து "அழுகிறாயா கண்ணு, உன் அணி தோற்றுவிட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை.

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மணி ஒன்பதரைக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நான் இங்கேதான் நின்று எழுதுகிறேன்.

பெருந்துறைக்காரி
4 மே 2025, காலை 10.05

அவர் கோபத்தில் ஆடவில்லைங்க தம்பி. கோபத்தில் ஆடுபவர் 2-0 பின்தங்கியிருக்கும்போது வலைக்குப் பின்னால் சுற்றி வர மாட்டார், கண்ட இடத்திலிருந்து அடிப்பார். அந்த இரண்டாவது கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவ்வளவு நிதானம். நிழலுக்குப் போய் உட்காருங்கள் முதலில்.

காங்கேயத்தான்
4 மே 2025, பிற்பகல் 3.30

பேரனை வைத்துக்கொண்டு அந்த மூன்று கோலையும் போனில் பார்த்தேன். விதி தெரியாவிட்டாலும் ஆள் தெரிகிறது தம்பி. நடையே தனியாக இருக்கிறது.

மஞ்சள் சட்டை, ஈரோடு
15 நவம்பர் 2025, மதியம் 1.45

பழைய இழையைத் தோண்டி எடுத்துவிட்டேன். காலையிலிருந்து வேறு எங்கே எழுதுவதென்று தெரியவில்லை. ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். கூட சாம் கரனும். பதிலுக்கு சஞ்சு சாம்சன்.

ஆள் வருவார், போவார் என்று இங்கே நான்தான் எழுதினேன். 2023 இறுதி ஆட்டம், அகமதாபாத். மழையால் நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டு பந்தில் பத்து ரன். எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக ஒரு சிக்ஸர். அடுத்த பந்து காலோரம் நான்கு. தோனி அவரைத் தூக்கிக்கொண்டு நின்றார். தெருவில் யாரோ அந்த நேரத்தில் பட்டாசு வெடித்தார்கள், நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். தெரியாத ஆள் ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். அன்றைக்கு நான் கட்டிப்பிடித்தது அணிக்காக என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

சரவணம்பட்டி அண்ணா, ஜனவரியில் உங்களிடம் அப்படிப் பேசியதற்கு மன்னிக்க வேண்டும்.

கோபியிலிருந்து ஸ்கார்பரோ
15 நவம்பர் 2025, இரவு 7.10

ஒரு வித்தியாசம் இருக்கிறது தம்பி. ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் இப்படி மாற்ற முடியாது. ஜடேஜாவைக் கேட்டிருக்கிறார்கள், அவரும் சரி என்றிருக்கிறார். 18 கோடி 14 ஆகிறது, அப்படியும் போகிறார். 2008ல் அவர் தொடங்கிய அணியே ராஜஸ்தான்தான், முதல் வருடமே கோப்பை வென்ற அணி. பழைய வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரவணம்பட்டி 96
15 நவம்பர் 2025, இரவு 9.00

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. மூன்று மாதத்தில் மறந்துவிடுவீர்கள் என்றீர்கள், பத்து மாதம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். நேச்சாஸ் நன்றாகத்தான் ஆடுகிறார். அவர் கோல் அடித்தால் கைதட்டுகிறேன். அது அவருடைய தப்பு இல்லையே. டல்லாஸ் ஆட்டம் இருக்கிற நாளில் அதைத்தான் முதலில் திறக்கிறேன், அதுவும் மாறவில்லை.

கொலராடோ 96 சட்டையை என் பெரிய மகள் எடுத்துக்கொண்டாள். முழங்கால் வரை வருகிறது, அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். டல்லாஸ் பச்சைச் சட்டை இன்னும் வாங்கவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு முறை கூடையில் போட்டு எடுத்துவிட்டேன்.

ஜடேஜா ராஜஸ்தானுக்காக ஆடும் முதல் ஆட்டம் என்றைக்கு என்று தெரிந்ததும் இங்கே போடுங்கள். ஈரோடு பக்கம் அன்றைக்கு வேலை இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். தனியாகப் பார்க்காதீர்கள்.